ஏழாம் குழிக் குளமும் ஹைப்ரிட் மட்டையும்

1

2025 மே 17, சனிக்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். வெளியே ஆறு பாகைக் குளிர். தேயிலையை மூன்று நிமிடம் ஊறவைத்துக் குடித்தேன். மனைவி ஸ்டெல்லா இரவு வேலை முடித்து வந்து, தாதியர் உடுப்பைக் கூட மாற்றாமல் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த போன வாரத்து மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்தேன். கோல்ஃப் பையைத் திறந்து மட்டைகளை எண்ணினேன். பதினான்கு. அதற்கு மேல் ஒன்றுகூட வைத்திருக்கக் கூடாது என்பது விதி. சனிக்கிழமைதோறும் எண்ணுகிறேன், ஒருமுறையும் கூடியதில்லை.

7.20க்கு, அண்ணன் முறையில் நான் நானா என்று அழைக்கும் நிசாரின் கார் வாசலில் நின்றது. முன் கண்ணாடியின் கீழ் ஒரு படிவம் கிடந்தது. நாங்கள் விளையாடும் மைதானம் மெல்பேர்ணின் வடக்குப் புறநகர் ஒன்றில் உள்ளது. மாநகரசபைக்குச் சொந்தமானது, ஒன்பது குழிகள். ஆண்டுக்கு ஒருமுறை அங்கத்துவத்தைப் புதுப்பிக்க வேண்டும். நானா தன் பெயரையும் முகவரியையும் எழுதியிருந்தார். கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது.

"இன்னும் குடுக்கல்லயா நானா?"

"ஏழாவதுல தண்ணியத் தாண்டினாத்தான் குடுப்பன். இன்னைக்கிம் பந்து குளத்துக்குள்ள போச்செண்டா இத நாலாக் கிழிச்சிப் போடுவன். மட்டை எல்லாத்தையும் வித்திடுவன்."

"விளையாட்டா சொல்றீங்களா?"

"நான் எப்ப விளையாட்டுக்குப் பேசினன்? விளையாட்டுல கூட ஒழுங்கா விளையாட ஏலாமத்தானே இந்தக் கத."

நானாவுக்கு அறுபத்தொரு வயது. போன ஆண்டு வலது தோள் இறுகி, ஆறு மாதம் சட்டை போடக்கூட மகளின் உதவி தேவைப்பட்டது. தோள் இப்போது அசைகிறது. ஆனால் நீண்ட இரும்பு மட்டைகளால் பந்தைக் காற்றில் ஏற்ற முடிவதில்லை. பதினோரு மாதங்களாக அவர் பந்து ஏழாம் குழிக் குளத்தைத் தாண்டவில்லை. இது என் நாட்குறிப்பில் உள்ள கணக்கு. அவரிடம் சொன்னதில்லை.

அவர் வராவிட்டால் எனக்குச் சனிக்கிழமை இல்லை. இதையும் சொன்னதில்லை.

2

ஊரில் உள்ளவர்களுக்காக எழுதுவதால் நிசார் நானா யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதுளைக் கடைவீதியில் அவருடைய வாப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. நான் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நத்தார் என்னும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் பஸ் ஏறிப் பதுளைக்குப் போவோம். அந்தக் கடைக்குள்ளும் போயிருக்கிறோம். அங்கே அளவுகோலோடு நின்ற இளைஞர்களில் ஒருவர் இவராக இருந்திருக்க வேண்டும். இருவருக்கும் நினைவில்லை. "ஒங்க உம்மாவுக்கு நான் சீத்தத் துணி வெட்டிக் குடுத்திருப்பன், ஒரு அங்குலம் கொறச்சி" என்பார்.

இங்கே ஒரு பல்பொருள் அங்காடியில் அறிமுகமானோம். நான் ஸ்டெல்லாவிடம் தொலைபேசியில் "கிழங்கு நல்லா இல்ல, வேணாங்க" என்று சொன்னதைக் கேட்டு, பின்னாலிருந்து ஒருவர், "எந்தத் தோட்டம்?" என்றார். பேச்சிலேயே இலங்கை மலையகம் என்று கண்டுகொண்டார், எந்த நாடு என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள்.

மைதானத்துப் படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்றொரு கட்டம் உண்டு. நானா ஆண்டுதோறும் என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று ஆங்கிலத்தில் போடுவார். முதல் ஆண்டு அலுவலகப் பெண், முகமது நிசாருக்கு அந்தோனி எப்படித் தம்பி என்று கேட்டாள். "வேற வேற உம்மா" என்றார் நானா. "அப்போது தந்தை ஒருவரா?" என்றாள். "இல்ல, வாப்பாவும் வேற." அவள் நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, 'ஏனையவை' என்பதில் அடையாளமிட்டாள். பிள்ளைகள் மூவரும் இதே நகரத்தில் இருக்கையில் ஏன் என் பெயர் என்று நான் கேட்டேன். "அவங்க போன் எடுக்க மாட்டாங்க. நீ ரெண்டாவது மணியில எடுப்ப" என்றார்.

3

ஹைப்ரிட் மட்டை என்பது என்ன என்று ஊரிலிருந்து என் தங்கை கேட்டாள். கோல்ஃப் பந்தைத் தொலைவாக அடிக்க இருவகை மட்டைகள் உண்டு. ஒன்று தட்டையான இரும்புத் தலை உள்ளது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் இருக்கும். எண் குறையக் குறையக் காம்பு நீளும், அடிப்பது கடினமாகும். மற்றது பருத்த தலை உள்ளது. முன்பு மரத்தால் செய்தார்கள். ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில். காம்பு இரும்பு மட்டையளவு. தலை பருத்தது, ஆனால் சிறியது. எடை அடிப்பக்கத்தில் இருப்பதால் பந்து தானாக மேலேறும். மூன்றாம், நாலாம் நம்பர் இரும்புகளை அடிக்கச் சிரமப்படுகிறவர்கள் அவற்றை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் மைதானத்தில் யார் எப்போது ஹைப்ரிட்டுக்கு மாறினார்கள், என்ன சொன்னார்கள் என்பதை மூன்று ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். நானாவுக்கு இதில் பெரிய சிரிப்பு. "ஆஸ்பத்திரி களஞ்சியத்துல பஞ்சு எண்ணுறவன் இங்க வந்து மட்டை எண்ணுறான்" என்பார். சில குறிப்புகள்:

மார்கரெட், ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபது தாண்டியவர். பையில் நான்கு ஹைப்ரிட். நீண்ட இரும்பு ஒன்றுமில்லை. கணுக்கால் உயரப் புல்லுக்குள் பந்து விழுந்தாலும் வெளியே எடுத்துவிடுகிறார். இரும்பின் முனை புல்லில் சிக்கித் திரும்பிவிடும், இது வழுக்கிக்கொண்டு போகும் என்றார். குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனின் ஓரத்திலிருந்து பந்தை மெல்ல உருட்டவும் இதையே பயன்படுத்துகிறார். அதை நானும் கற்றுக்கொண்டேன்.

கோஸ்தா, முன்னாள் பேக்கரிக்காரர், பெரிய கை. வாங்கிய முதல் மாதம் எல்லாப் பந்தும் இடப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போனது. கடைக்காரரைத் திட்டினார், பிறகு கிரேக்க மொழியில் மட்டையைத் திட்டினார். கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தியதும் நேரானது. எதிர்க்காற்று நாளில் மட்டும் பழைய இரும்பை எடுக்கிறார், ஹைப்ரிட் பந்தை மிக உயரத்துக்கு அனுப்புவதால்.

நிசார் நானா. நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ஒரே பதில்: "அது கெழவிமாருட மட்டை." மார்கரெட் அதே கிழவி மட்டையால் போன மாதம் அவரைவிட ஆறு தரம் குறைவாக அடித்து அவரைத் தோற்கடித்ததை நினைவூட்டினேன். "அவ என்னத் தோக்கடிச்சா, மட்டை இல்ல" என்றார்.

4

என் ஹைப்ரிட்டை மகள் மெர்லின் பிறந்தநாளுக்கு அனுப்பினாள். அவள் பேர்த்தில் வேலை செய்கிறாள். நான்கு மணிநேர விமானப் பயணம். முன்பு ஞாயிறுதோறும் அழைப்பாள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. இப்போது பொதிகள் வருகின்றன. பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. இரவு அழைத்து நன்றி சொன்னபோது, நான் அடித்துக் காட்டும் காணொளியை அனுப்பச் சொன்னாள். ஸ்டெல்லா படம் பிடித்தாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"அப்பா, ஏன் தூக்குறீங்க? கீழ அடிங்க, கீழ! கிரவுண்ட்ல அடிச்சா பால் தானா மேல போகும்."

"கீழதான் அடிக்கிறேன்மா."

"இல்லப்பா. யூ ஆர் ஸ்வீப்பிங். வீடு கூட்டுற மாதிரி."

அவள் சொன்னது சரி. ஹைப்ரிட்டின் தலை பருத்திருப்பதால் அதை வாரிக்கொண்டு போகும்படி வீசத் தோன்றும். அதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை. இதையும் இரும்பைப் போலவே கீழ்நோக்கி அடிக்க வேண்டும். பந்தில் பட்ட பிறகு மட்டை நிலத்தைத் தொட வேண்டும். இரும்பு என்றால் உள்ளங்கையளவு புல் வேரோடு பெயர்ந்து பறக்கும். அது குற்றமில்லை. நல்ல அடிக்கு அடையாளம். அடித்தவர் பிறகு அந்த இடத்தில் மணல் போடுவார், அவ்வளவுதான்.

என்னால் அது முடிவதில்லை. இரும்பிலும் முடியாது, ஹைப்ரிட்டிலும் முடியாது. மட்டை நிலத்துக்கு வரும் கணத்தில் மணிக்கட்டு தானாக மேலே வாங்கிக்கொள்கிறது. பந்தின் மேற்பாதியில் பட்டு, அது தரையோடு ஓடுகிறது. நல்ல நாளில் ஹைப்ரிட் என் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். இரும்பு பொறுக்காது.

காரணம் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்த பிறகு என்னைத் துரைமார் கிளப்புக்கு அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒன்பது குழி மைதானம் இருந்தது. புதனும் சனியும் துரைமார் விளையாடிவிட்டுப் போனதும் நாங்கள் நான்கு பேர் வரிசையாக நடப்போம். பெயர்ந்து கிடக்கும் புல்துண்டைத் தேடி எடுத்து, அது பெயர்ந்த குழியில் பொருத்தி, குதிகாலால் மிதித்து, மண் தூவ வேண்டும். துண்டு கிடைக்காவிட்டால் ஓரத்திலிருந்து அதே அளவில் வெட்டி வந்து பதிக்க வேண்டும். பெயர்த்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. குழி இருந்தால் அது எங்கள் குற்றம்.

ஒரு சனிக்கிழமை அல்துமுல்லைப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு குழியைத் தவறவிட்டேன். கிளப் செயலாளரின் கால் அதில் மடங்கியது. திங்கள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை என் பேரை வடிகால் கான் வெட்டும் கூட்டத்தில் வாசித்தார். "குருடனுக்குக் கான்தான் சரி. விழுந்தாலும் அவனே வெட்டின கான்ல விழுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் நண்பர்களும் சிரித்தார்கள். ஏழு மாதம் கான் வெட்டினேன். பிறகு பதுளை ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் கை அதை மறக்கவில்லை. இது நானாவுக்கும் தெரியும். "நீ அடிக்கல்ல அந்தோனி, புல்லுட்ட மன்னிப்புக் கேக்கிற" என்பார்.

5

8.10க்குத் தொடங்கினோம். முதல் ஆறு குழிகளும் வழமைபோல. நானா குறைவாகப் பேசினார். 

ஏழாவது குழியில் முதல் அடி நேராகப் போக வேண்டும். இரண்டாவது குளத்தைத் தாண்ட வேண்டும். நானாவின் முதல் அடி நன்றாக விழுந்தது. அங்கிருந்து அக்கரைக்கு நூற்று நாற்பது மீட்டர். அவர் பையிலிருந்து நாலாம் நம்பர் இரும்பை எடுத்தார். நான் என் ஹைப்ரிட்டை எடுத்து நீட்டவில்லை. நீட்டியிருந்தால் திட்டியிருப்பார். மேலும் விளையாட்டுக்கிடையில் ஒருவர் மட்டையை மற்றவர் பயன்படுத்த விதி இடம் தராது.

"பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து அடித்தார். தோள் பாதியில் நின்றது. புல் பெயர்ந்தது, பந்தும் போனது, ஆனால் தாழ்வாக. குளத்தின் நடுவில் விழுந்தது. இரண்டு வாத்துகள் நகர்ந்து இடம் விட்டன.

அவர் பெயர்ந்த புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் முறை. இந்த மட்டை தாண்டும் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு வீசினேன். மணிக்கட்டு மேலே வாங்கியது. பந்து புல்லோடு ஓடி, கரையில் ஒருமுறை துள்ளி, அவருடையதைவிடவும் பக்கத்தில் முழுகியது.

நானா வெடித்துச் சிரித்தார். "ஆ! இதத்தான் மூணு வருசமா எனக்கு விக்கப் பாத்தியா? எங்கட வாப்பா இப்பிடிச் சாமான் வித்திருந்தா கடைய அடிச்சு ஒடச்சிருப்பாங்க!"

"மட்டைல பிழை இல்ல நானா."

"தெரியுது, தெரியுது. மட்டை பாவம். கொண்டா இங்க."

என் கையிலிருந்து பிடுங்கினார். தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து, முன்பு அடித்த அதே இடத்தில் போட்டார்.

"நல்லாப் பாரு. நெலத்துக்கு அடி. புல்லு ஒன்ட மாமன் மகள் இல்ல. அதுக்கு நோகாது. இப்பிடி."

அரை வீச்சு. தோள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றது. அதற்குள் மட்டை தன் வேலையைச் செய்துவிட்டது. பந்து மேலே ஏறியது, அவசரமில்லாமல். குளத்தைத் தாண்டி, கிரீனின் முன்விளிம்பில் விழுந்து, நான்கடி உருண்டு நின்றது.

 நானா மட்டையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலால் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தார். பிறகு என்னிடம் தந்தார்.

"பாத்தியா? அப்பிடித்தான்" என்றார். குரல் வேறு எங்கோ இருந்தது.

6

ஸ்கோர் கார்டு எழுதுவது என் வேலை. 10.25க்குக் கார் நிறுத்துமிடத்தில் அவரிடம் நீட்டினேன்.

"ஏழாவதுல எட்டா? நான் ஆறு அடிச்சன்."

"ரெண்டு தண்டம் நானா. அடுத்தவன் மட்டையில அடிச்சா ரெண்டு."

"ஒனக்குப் படிச்சுக் குடுக்க அடிச்சன்டா!"

"அத எழுத கார்டுல கட்டம் இல்லீங்களே."

கார்டை மடித்தார். "சரி. நீ எழுதினது சரி. அப்ப அது என்ட மட்டையால போன பந்தும் இல்ல. நான் சென்ன சொல்லு சொல்லுதான்." காருக்குள் எட்டிப் படிவத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார். கிழிக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"அப்ப இந்த மட்டைய உங்க மட்டையாக்கிக்கங்க" என்றேன். "எடுத்துக்கங்க."

"சும்மா வாங்கிற ஆளா நான்?"

"சும்மா இல்ல. உங்க நாலாம் நம்பர எனக்குக் குடுங்க. மாத்திக்குவோம். ரெண்டு பையிலயும் பதினாலு இருக்கும்."

அவர் கண்ணை இடுக்கினார். கடைக்காரரின் மகன், பேரம் என்றால் முகம் மாறும். "நல்லதக் குடுத்திட்டுக் கெட்டத வாங்கிற. இதுல ஒனக்கு என்ன?"

சனிக்கிழமை என்று சொல்ல வந்து, சொல்லவில்லை. "மெர்லின் கீழ அடிக்கச் சொல்லுறா. அது இரும்புலதான் பழகணும்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

"மகள் தந்தத என்கிட்ட குடுத்தா அவ என்ன செல்லுவா?"

"வேற பொதி அனுப்புவா."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. நாலாம் நம்பரை எடுத்து என் கையில் வைத்தார். ஆனால் ஹைப்ரிட்டை வாங்கவில்லை.

"ஒரு நிபந்தனை. இத வச்சி ஒரு தரம், ஒரே ஒரு தரம், நெலத்தப் பேத்துக் காட்டு. ஒரு கை அகலத்துக்கு. அதக் கண்டாத்தான் நான் கையெழுத்துப் போடுவன். இல்லாட்டி நான் மட்டும் மாறி என்ன? ரெண்டு பேரும் மாறணும்."

கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே பயிற்சிக்கான புல்திட்டு இருக்கிறது. நான் நின்றேன். வீசினேன். புல்நுனி மட்டும் ஆடியது. மீண்டும் வீசினேன். நாற்பது மீட்டருக்கு அப்பால் மைதானத்துப் பராமரிப்பாளர், இளம் சீக்கியர், புல்வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு ஏதோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை மட்டையைத் தூக்கிவிட்டு இறக்கினேன்.

"ஏலாது நானா. அந்தப் பொடியன் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"அவன் ஒன்னத் திட்டவா போறான்?"

"திட்ட மாட்டான். அவன்தான் வந்து மண் போடுவான்."

நானா என்னைப் பார்த்தார்.  ஹைப்ரிட்டைத் தன் பைக்குள் வைத்தார், படிவத்தைக் கையெழுத்தில்லாமல் கண்ணாடியின் கீழ் போட்டார். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்று மட்டும் சொன்னார்.

பிற்பகல் உடுப்புத் துவைத்தேன். மாலை மெர்லினுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. அவளுடைய பரிசை நிசார் நானாவிடம் கொடுத்துவிட்டதாகக் குறுஞ்செய்தி எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பத்து மணிக்குப் படுத்தேன்.

மறுநாள் ஞாயிறு, 6.40க்கு எழுந்தேன். முதல் வேலையாக நாலாம் நம்பர் இரும்பை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். புல் நனைந்திருந்தது. இது என் வீடு, என் புல், இதைப் பெயர்த்தால் பொருத்த வேண்டியவனும் நான்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பந்து வைக்கவில்லை. நான்கு முறை தவறியது. ஐந்தாவது முறை மட்டை நிலத்துக்குள் இறங்கிய அதிர்ச்சி முழங்கை வரை வந்தது. கறுத்த மண்ணோடு ஒரு துண்டு வேலிவரை பறந்தது.

குசினி யன்னல் திறந்தது. "என்னாங்க, காலங்காத்தால எதுக்கு வளவக் கொத்துறீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"கொத்தல்ல. அடிச்சேன்."

அடிநாடா எடுத்து அளந்தேன். நீளம் பதினாறு சென்டிமீட்டர், அகலம் ஒன்பது. பக்கத்தில் என் கையை விரித்து வைத்துப் படமெடுத்து நானாவுக்கு அனுப்பினேன். அவர் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடித்து விழித்திருந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் பதில் படம் வந்தது: கையெழுத்திட்ட படிவம், மை இன்னும் பளபளப்பாக.